விகிதக் கணக்கும் ஓர் எழுத்தின் துணையும்

கணக்கைப் பற்றி வானொலியில் பேசுவது கைகளைக் கட்டிக்கொண்டு நீந்துவதைப் போன்றது. கணக்காசிரியனுக்குக் கரும்பலகை ஒரு கை. சுண்ணக்கட்டி மற்றொரு கை. இரண்டும் இங்கே இல்லை. ஆகையால் உங்களிடம் ஓர் உதவியை வேண்டுகிறேன். ஒரு துண்டுக் காகிதமும் ஒரு பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொண்டு வந்தால், என் கரும்பலகை உங்கள் மடியிலேயே இருப்பதாக நான் எண்ணிக்கொள்வேன்.

விகிதம், விகிதசமம் ஆகியவற்றைப் பற்றிய சொற்கணக்குகளை எளிய இயற்கணிதத்தின் துணையால் தீர்ப்பது எங்ஙனம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்பாடத்தை நடத்தியிருக்கிறேன். அந்நாள்களில் நான் கண்டது ஒன்று உண்டு. வெறும் சமன்பாட்டைக் கொடுத்தால் விரைந்து தீர்க்கும் மாணவர்கள், அதே சமன்பாடு சொற்களால் ஆன சட்டை அணிந்து வந்து நின்றால் அடையாளம் தெரியாமல் திகைப்பார்கள். கூட்டல் பெருக்கலில் அவர்களுக்குக் குறையில்லை. சொல்லிலிருந்து குறிக்குச் செல்லும் வழிதான் அவர்களுக்குப் பழகவில்லை. அந்த வழியில் இன்று சிறிது தூரம் உங்களோடு நடக்க விரும்புகிறேன்.

முதலில், விகிதம் என்பது யாது? ஒரே வகையான இரண்டு அளவுகளை இரு விதமாக ஒப்பிடலாம். தந்தைக்கு வயது 40, மகனுக்கு 10 என்று கொள்வோம். தந்தை 30 ஆண்டு மூத்தவர் என்று சொன்னால் அது வேறுபாட்டைக் கூறும் ஒப்பீடு. தந்தையின் வயது மகனுடையதைப் போல் நான்கு மடங்கு, அதாவது 4-க்கு 1 என்று சொன்னால் அது விகிதம். ஆண்டுகள் செல்லச் செல்ல முதல் ஒப்பீடு மாறுவதே இல்லை. தந்தை என்றும் 30 ஆண்டு மூத்தவரே. இரண்டாம் ஒப்பீடோ அடுத்த ஆண்டிலேயே 41-க்கு 11 என்று மாறிவிடுகிறது. இந்த வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குப் பயன்படும்.

விகிதத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அது பாதி உண்மையைச் சொல்லிப் பாதியை மறைத்து வைக்கும். இட்டிலிக்கு 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து என்று பாட்டி சொல்கிறாள். இருவர் மட்டும் வாழும் வீட்டில் அந்தப் பங்கு ஓர் ஆழாக்காக இருக்கும். திருமண வீட்டில் அதுவே ஒரு மரக்காலாக இருக்கும். எத்தனை பங்கு என்று விகிதம் சொல்லுகிறது. ஒரு பங்கு எவ்வளவு என்று அது சொல்லுவதில்லை. சொல்லாமல் விட்ட அந்த அளவைக் கண்டுபிடிப்பதே ஏறக்குறைய எல்லா விகிதக் கணக்குகளின் வேலையும் ஆகும்.

தெரியாத ஒன்றைத் தேட வேண்டுமானால் முதலில் அதற்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் இல்லாத ஆளை ஊருக்குள் விசாரிக்க முடியாதன்றோ? நம் நாட்டுக் கணித அறிஞர்கள் தெரியாத எண்ணை 'யாவத்-தாவத்' என்று அழைத்தார்கள். 'எவ்வளவோ அவ்வளவு' என்பது அதன் பொருள். தெரியாத எண்கள் பலவாக இருந்தால் கருமை, நீலம் என்று நிறங்களின் பெயர்களை அவற்றுக்கு இட்டார்கள். பாக்தாத் நகரில் கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-குவாரிசுமி எழுதிய நூலின் பெயரில் உள்ள 'அல்-ஜபர்' என்னும் சொல்லிலிருந்தே 'அல்ஜீப்ரா' என்னும் பெயர் தோன்றியது. பிரான்சு நாட்டு டேக்கார்ட்டு 1637-இல் வெளியிட்ட வடிவகணித நூலில், ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்துகளாக நாம் அறிந்தவற்றைத் தெரியாத எண்களுக்குப் பெயராக வைத்தார். உங்கள் பாடநூலில் எக்ஸ் என்னும் எழுத்து அடிக்கடி வருவது அந்த வழியாகத்தான். எழுத்து எதுவாயினும் கணக்குக்கு ஒன்றே. இன்று நாம் 'ப' என்னும் எழுத்தை வைத்துக்கொள்வோம். பங்கு என்னும் சொல்லின் முதலெழுத்து அது. ஆனால் ஓர் எச்சரிக்கை. 'ப' என்பது பங்கு என்னும் பொருளைக் குறிப்பதன்று. ஒரு பங்கின் அளவாகிய எண்ணையே குறிக்கும். மூன்று ப என்றால் அந்த எண்ணின் மும்மடங்கு.

இப்பொழுது காகிதத்தில் எழுதுங்கள். இருவர் கூட்டாக ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தனர். வந்த இலாபம் 7,200 ரூபாய். அதை 3-க்கு 5 என்னும் விகிதத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பங்கு ப ரூபாய் என்க. முதலாமவர்க்கு 3ப, இரண்டாமவர்க்கு 5ப. இரண்டும் சேர்ந்து 8ப. அது 7,200-க்குச் சமம். ஆகவே ப என்பது 900. முதலாமவர்க்கு 2,700 ரூபாய். இரண்டாமவர்க்கு 4,500 ரூபாய். கூட்டிப் பாருங்கள்; 7,200 வருகிறது.

இதே கணக்கை ஆசிரியர் சற்றே திருப்பிக் கேட்கலாம். மொத்தம் எவ்வளவு என்று கூறாமல், இரண்டாமவர் 1,800 ரூபாய் கூடுதலாகப் பெற்றார் என்று மட்டும் கூறலாம். உடனே 1,800-ஐ எட்டால் வகுக்கும் கைகளை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன். எழுத்தை வைத்துக்கொண்டவனுக்கு அந்தத் தவறு நேராது. கூடுதல் என்பது 5ப-விலிருந்து 3ப-வைக் கழித்தது, அதாவது 2ப. 2ப என்பது 1,800 என்றால் ப என்பது 900. விதியை மனப்பாடம் செய்தவன் விதி மாறும்போது விழுவான். எழுதிப் பார்ப்பவனைக் கணக்கே கைபிடித்து அழைத்துச் செல்லும்.

இனிச் சற்றுக் கடினமான வகைக்கு வருவோம். தந்தை, மகன் ஆகியோரின் வயதுகள் இப்பொழுது 5-க்கு 2 என்னும் விகிதத்தில் உள்ளன. பத்து ஆண்டு கழித்து அவை 2-க்கு 1 ஆகும். இப்போதைய வயதுகள் யாவை?

இங்கே பலர் செய்யும் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். 5-ஓடு 10-ஐக் கூட்டி 15 என்பார்கள். 2-ஓடு 10-ஐக் கூட்டி 12 என்பார்கள். 15-க்கு 12 என்பது 2-க்கு 1 ஆகவில்லையே என்று விழிப்பார்கள். ஐந்து என்பது ஐந்து ஆண்டன்று; ஐந்து பங்கு. பத்து என்பதோ பத்து ஆண்டு. ஐந்து மூட்டை நெல்லோடு பத்துப் படி நெல்லைக் கூட்டிப் பதினைந்து என்று சொல்வாரும் உளரோ? ஆண்டோடு ஆண்டைத்தான் கூட்ட வேண்டும். ஆகவே பங்கை முதலில் ஆண்டாக்குவோம். தந்தையின் வயது 5ப ஆண்டு. மகனின் வயது 2ப ஆண்டு. பத்து ஆண்டு கழித்துத் தந்தைக்கு 5ப கூட்டல் 10; மகனுக்கு 2ப கூட்டல் 10. அப்பொழுது தந்தையின் வயது மகனுடையதைப் போல் இரு மடங்கு. ஆதலால் 5ப கூட்டல் 10 என்பது, 4ப கூட்டல் 20-க்குச் சமம். இருபுறமும் 4ப-வை நீக்குங்கள். இருபுறமும் 10-ஐ நீக்குங்கள். ப என்பது 10. தந்தைக்கு வயது 50, மகனுக்கு 20. பத்து ஆண்டு கழித்து 60-ம் 30-ம். விகிதம் 2-க்கு 1. சரியாக உள்ளது. முன்னே சொன்னேன் அல்லவா? இருவர்க்கும் உள்ள வேறுபாடு அன்றும் 30, என்றும் 30. அதுவும் ஒரு சாட்சியாக வந்து நிற்கிறது.

சமன்பாடு என்பது ஒரு தராசு. ஒரு தட்டிலிருந்து எடுத்ததை மற்றத் தட்டிலிருந்தும் எடுத்தால் முள் அசையாது. சமக்குறியாக இரண்டு இணைகோடுகளை முதன்முதல் அச்சில் பயன்படுத்தியவர் இராபர்ட்டு ரெக்கார்டு என்னும் அறிஞர், ஆண்டு 1557. ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் சம நீளக் கோடுகளைப் போல் சமமானவை வேறு இல்லை என்பதே அவர் கூறிய காரணம். அந்த இரு கோடுகளைக் காணும்போதெல்லாம் தராசின் நடுமுள்ளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொரு வகை, விகிதங்களைக் கோப்பது. ஒரு கடையில் மூவர் முதல் போட்டிருக்கின்றனர். முதலாமவர் போட்டதும் இரண்டாமவர் போட்டதும் 2-க்கு 3. இரண்டாமவர் போட்டதும் மூன்றாமவர் போட்டதும் 4-க்கு 5. ஆண்டு இலாபம் 70,000 ரூபாயை முதலுக்கு ஏற்பப் பிரிக்க வேண்டும். இங்கே இரண்டாமவர் முதல் விகிதத்தில் 3 பங்காக நிற்கிறார். அடுத்த விகிதத்தில் 4 பங்காக நிற்கிறார். ஒரே ஆள் மூன்றாகவும் நான்காகவும் இருத்தல் எப்படி? பங்கின் அளவு வேறு வேறு என்பதே விடை. ஒவ்வொரு விகிதமும் தன் தன் பங்கை மறைத்து வைத்திருக்கிறது. ஆகவே இரண்டு விகிதத்துக்கும் ஒரே எழுத்தை வைப்பது தவறு. 3-க்கும் 4-க்கும் பொதுவான மடங்கு 12. இரண்டாமவரை 12 ஆக்குவோம். 2-க்கு 3 என்பது 8-க்கு 12 ஆகும். 4-க்கு 5 என்பது 12-க்கு 15 ஆகும். இப்பொழுது மூவரும் ஒரே பங்கால் அளக்கப்பட்டுவிட்டனர்: 8ப, 12ப, 15ப. மொத்தம் 35ப. அது 70,000. ப என்பது 2,000. மூவரும் பெறுவன முறையே 16,000, 24,000, 30,000 ரூபாய்.

அடுத்தது கலப்புக் கணக்கு. 40 லிட்டர் கலவையில் பாலும் நீரும் 7-க்கு 1 என்னும் விகிதத்தில் உள்ளன. விகிதம் 5-க்கு 1 ஆவதற்கு இன்னும் எவ்வளவு நீர் சேர்க்க வேண்டும்? இதனைக் கணக்கில் மட்டும் செய்து பார்த்து நிறுத்திக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். 8ப என்பது 40. ப என்பது 5. பால் 35 லிட்டர். நீர் 5 லிட்டர். சேர்க்கும் நீர் ந லிட்டர் என்க. பால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது 35-ஆகவே நிற்கிறது. நீர் 5 கூட்டல் ந. பால் நீரைப் போல் ஐந்து மடங்காக வேண்டும். ஆகவே 35 என்பது 25 கூட்டல் 5ந. 5ந என்பது 10. ந என்பது 2. இரண்டு லிட்டர் நீர். கலப்புக் கணக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். எது மாறியது, எது மாறவில்லை என்று கேட்பதில்தான் இருக்கிறது. மாறாததைப் பிடித்துக்கொண்டால் மாறியது தானே அகப்படும்.

இக்கேள்வி விகிதசமக் கணக்குகளுக்கு இன்னும் இன்றியமையாதது. மூன்று எண்கள் தெரிந்தால் நான்காவதைக் காணும் முறை நம் நாட்டில் மிகப் பழமையானது. கி.பி. 499-இல் ஆரியபட்டர் இயற்றிய நூலில் அது 'திரைராசிகம்' என்னும் பெயரால் கூறப்பட்டிருக்கிறது. 1150-இல் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியிலும் அதற்குச் சிறப்பான இடம் உண்டு. தெரிந்த அளவு, அதற்குரிய பலன், நாம் விரும்பும் அளவு என்னும் மூன்றையும் வைத்து, பலனை விருப்பத்தால் பெருக்கி, முதல் அளவால் வகுப்பதே அந்த விதி. ஐரோப்பிய வணிகர்கள் இதனைப் பொன் விதி என்று போற்றினார்கள். தமிழிலும் காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் அன்றாட அளவைக் கணக்குகளைச் செய்யுளாகவே கற்பித்தன.

பொன் விதி நன்றுதான். ஆனால் பொன்னையும் உரைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். இரண்டு அளவுகளில் ஒன்று இருமடங்கானால் மற்றதும் இருமடங்காகுமோ என்று முதலில் கேட்க வேண்டும். வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு மருத்துவமனையில் தரும் உப்புச்சர்க்கரைப் பொட்டலமே சிறந்தது. அது கிடைக்காத வேளையில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை என்று கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு லிட்டருக்குச் சர்க்கரை 12, உப்பு 1. இது நேர்விகிதம். இங்கே மாறாமல் நிற்பது வகுத்தால் வரும் எண். உப்பை மட்டும் ஒரு கரண்டி கூடப் போட்டால் அந்த நீரே குழந்தைக்குத் தீங்கு செய்யும். விகிதப் பிழை என்பது விடைத்தாளில் மட்டும் நிகழ்வதன்று என்பதற்காக இதைச் சொன்னேன்.

பன்னிரண்டு பேர் 10 நாளில் வெட்டும் கால்வாயை 15 பேர் எத்தனை நாளில் வெட்டுவர்? பொன் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் பன்னிரண்டரை நாள் என்று வரும். ஆள் கூடக் கூட நாளும் கூடுமா? இங்கே மாறாமல் நிற்பது வேலை; அதாவது ஆளையும் நாளையும் பெருக்கினால் வரும் எண். 12-ஐ 10-ஆல் பெருக்கினால் 120. 15ந என்பது 120. ந என்பது 8. எட்டு நாள். இது எதிர்விகிதம்.

இரண்டிலும் சேராத கணக்குகளும் உண்டு. நான்கு பேர் சேர்ந்து பாடும் பாட்டு 6 நிமிடத்தில் முடிகிறது. எட்டுப் பேர் பாடினால் எத்தனை நிமிடம் ஆகும்? வெயிலில் ஒரு வேட்டி உலர 2 மணி நேரம் ஆகிறது. பக்கத்தில் பக்கத்தில் விரித்த ஐந்து வேட்டிகள் உலர எத்தனை மணி நேரம் ஆகும்? இவற்றைக் கேட்டவுடன் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் தேர்வு அறையில், எண்கள் மூன்றைக் கண்டவுடனே பெருக்கி வகுக்கும் அவசரத்தில், சிரிக்க நேரம் இருப்பதில்லை. அந்த அவசரம் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியனாகிய எனக்கும் ஒருமுறை அது நேர்ந்தது. அதை உங்களிடம் மறைப்பதில் பயனில்லை.

நான் பணியில் சேர்ந்து ஏழாம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்புத் தேர்வுக்கு ஒரு வினா எழுதினேன். சிமெண்டு, மணல், கருங்கல் ஜல்லி மூன்றையும் 1-க்கு 2-க்கு 4 என்னும் விகிதத்தில் கலந்து 35 சட்டி காங்கிரீட்டு செய்ய, ஒவ்வொன்றும் எத்தனை சட்டி வேண்டும் என்பது வினா. நான் எதிர்பார்த்த விடை உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். 7ப என்பது 35. ப என்பது 5. ஆகவே 5, 10, 20. வகுப்பு முழுதும் அவ்வாறே எழுதியிருந்தது. ஒரு கொத்தனாரின் மகள் மட்டும் 8, 16, 32 என்று எழுதியிருந்தாள். வழி ஒன்றும் எழுதவில்லை. விடை மட்டுமே இருந்தது. நான் அதற்குச் சுழியம் இட்டேன். அத்தோடு நின்றிருக்கலாம். அந்த மூன்று எண்களையும் வகுப்பில் உரக்கக் கூட்டிக் காட்டி, "35 சட்டிக்கு 56 சட்டி போடுகிறாயே, மிச்சம் 21 சட்டி எங்கே போயிற்று, அம்மா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் தலை குனிந்து அமர்ந்தாள்.

இரண்டு ஆண்டு கழித்து என் வீட்டில் ஓர் அறைக்குத் தளம் போட்டேன். அந்நாளில் எங்கள் ஊர்ப்பக்கத்தில் தளத்துக்கும் 1-க்கு 2-க்கு 4 கலவையே வழக்கமாக இருந்தது. இன்று கம்பி கட்டிய தளத்துக்கு அதனினும் வலிய கலவை வேண்டும் என்பது விதி. சித்தாள்கள் சுமந்து கொட்டிய சட்டிகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கலந்து நீர் ஊற்றிய பின் குவியல் இளைத்துப் போயிருந்தது. ஏதோ களவு போனதாக எண்ணிக் கொத்தனாரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு வாளி நிறைய ஜல்லியை அள்ளி வைத்தார். அதன்மேல் மணலைக் கொட்டிக் குலுக்கினார். மணல் ஜல்லியின் இடுக்குகளுக்குள் இறங்கிற்று, வாளி வழியவில்லை. "மணல் ஜல்லிக்குள்ளே ஒளிந்துகொள்ளும், சிமெண்டு மணலுக்குள்ளே ஒளிந்துகொள்ளும். மூன்று சட்டி போட்டால் இரண்டு சட்டிதான் திரும்பி வரும், ஐயா" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் தளம் நினைவில் இல்லை. தலை குனிந்து அமர்ந்த அந்தப் பெண்தான் நினைவில் நின்றாள். உலர்ந்த கலவை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும் என்றால், 35 சட்டிக்கு வேண்டுவது ஐம்பத்திரண்டரைச் சட்டி. ஏழால் வகுத்தால் ஏழரை. சிந்துவதற்கும் சிதறுவதற்கும் சேர்த்து எட்டு என்று வைத்தால், 8, 16, 32. அவள் எழுதிய விடை அது.

அன்று மாலையே அவள் வீட்டுக்குச் சென்றேன். அவள் அப்பொழுது மேல்நிலை முதலாண்டில், கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்திருந்தாள். அவள் தந்தையும் உடனிருந்தார். என் விடைதான் தவறு என்றும், அவளுடையதே சரி என்றும் இருவரிடமும் கூறினேன். தந்தை, "அதுக்கென்ன, வாத்தியார் ஐயா, சின்னப் பிள்ளைதானே" என்று சொல்லி எனக்காகச் சங்கடப்பட்டார். அவள் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அன்றே தெரியும், ஐயா. ஆனால் அதை எப்படி எழுதுவதென்றுதான் தெரியவில்லை" என்றாள்.

நேயர்களே, அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. அவளுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. என் வினாவில்தான் உலகம் தெரியவில்லை. கலந்தால் அளவு குறையாது என்று நான் சொல்லாமலே எண்ணிக்கொண்டேன்; குறையும் என்று அவள் சொல்லாமலே எண்ணிக்கொண்டாள். இருவரும் நம் எண்ணத்தை எழுதியிருந்தால் அரை நிமிடத்தில் உண்மை வெளிப்பட்டிருக்கும். ஒரு பங்கு ப சட்டி என்க. உலர்ந்த கலவை 7ப. அதில் மூன்றில் இரண்டு பங்கு 35-க்குச் சமம். இந்த ஒற்றை வரியை எழுத அவளுக்கு நான் கற்பிக்கவில்லை. கற்பித்திருக்க வேண்டியதும் அதுவே. கேட்டிருக்க வேண்டியதும் அதுவே. அவள் கணிதப் பிரிவை விட்டதற்கு நான் ஒருவனே காரணம் என்று சொல்ல மாட்டேன். காரணங்களில் நான் ஒருவன் அல்லன் என்று சொல்லவும் என்னால் இயலாது. அன்றுமுதல், வழி இல்லாத விடையைக் கண்டால் சிவப்பு மையை ஒருபுறம் வைத்துவிட்டு, "இது எப்படி வந்தது?" என்று கேட்ட பிறகே மதிப்பெண் இடுவதை வழக்கமாகக் கொண்டேன்.

ஆகவே மாணவச் செல்வங்களே, இயற்கணிதம் என்பது தெரியாததைக் காணும் கருவி என்று மட்டும் கருதாதீர்கள். தெரிந்ததை மற்றவர்க்கு விளங்கும்படி எழுதும் முறையும் அதுவே. உங்களுக்கு விடை தோன்றிவிட்டதா? மகிழ்ச்சி. எப்படித் தோன்றிற்று என்று ஓர் எழுத்தை வைத்து எழுதிப் பாருங்கள். எழுதியது உங்களுக்காக வழக்காடும். எழுதாதது சரியாக இருந்தாலும் வாய் திறவாமல் நிற்கும்.

இதுவரை சொன்னவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். காகிதத்தின் கடைசியில் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, கணக்கை இருமுறை படியுங்கள். கேட்பது யாது என்று கோடிடுங்கள். இரண்டாவது, ஒரு பங்கின் அளவுக்கு ஓர் எழுத்தைப் பெயராக வைத்து, அது ரூபாயா, ஆண்டா, லிட்டரா என்றும் எழுதுங்கள். மூன்றாவது, எது மாறாமல் நிற்கிறது என்று கேளுங்கள். கூட்டலா, வேறுபாடா, வகுத்த எண்ணா, பெருக்கிய எண்ணா என்று தேருங்கள். நான்காவது, அந்த மாறாத பொருளையே சமன்பாடாக எழுதித் தீர்த்திடுங்கள். ஐந்தாவது, வந்த விடையைக் கணக்கின் சொற்களுக்குள்ளேயே திருப்பி வைத்துப் பாருங்கள். தந்தையை விட மகன் மூத்தவனாக வந்தால், அரை ஆள் வேலைக்கு வந்தால், எங்கேயோ வழி தவறிவிட்டீர்கள் என்று பொருள்.

விடைபெறுமுன் உங்களுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். ஒரு பள்ளியில் மாணவர்களும் மாணவிகளும் 7-க்கு 5 என்னும் விகிதத்தில் இருந்தனர். புதிதாக 30 மாணவிகள் சேர்ந்தனர். மாணவர்கள் எவரும் சேரவில்லை, விலகவும் இல்லை. விகிதம் 7-க்கு 6 ஆயிற்று. முதலில் மாணவர்கள் எத்தனை பேர், மாணவிகள் எத்தனை பேர்? விடையை நான் சொல்லப்போவதில்லை. சரியா தவறா என்று சொல்ல ஆசிரியன் ஒருவன் அருகில் இருக்க வேண்டிய தேவையும் இல்லை. வந்த எண்களைக் கணக்குக்குள் திருப்பி வையுங்கள். அதுவே உங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும்.